வானிலைத் தரவை விற்பதா, திறந்துவிடுவதா?

2023 டிசம்பர் 18 அன்று காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த எண் நாடு முழுவதும் செய்தியானது. ஆனால் தாமிரபரணிப் படுகையில் வடிகாலை எவ்வளவு அகலமாக வெட்டுவது, எந்தக் குளத்தின் கலிங்கை விரிவாக்குவது என்று கணக்குப் போட உட்காரும் பொறியாளருக்கு அது மட்டும் போதாது. சுற்றுவட்டார மழைமானிகள் ஒவ்வொன்றின் பல பத்தாண்டுப் பதிவும் அவருக்கு வேண்டும். அதைப் பெற இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புணே அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். எதற்காகக் கேட்கிறோம் என்று எழுதிக் கொடுத்து, உறுதிமொழியில் கையெழுத்திட்டு, நம் வகைக்கேற்ற கட்டணத்தையும் செலுத்த வேண்டும்.

மழைமானியை நட்டது அரசு. தினமும் காலையில் போய் அளவைக் குறித்தவருக்குச் சம்பளம் கொடுத்ததும் அரசு. அந்தப் பணம் மக்கள் கட்டிய வரி. பிறகு அந்த எண்களுக்கு இன்னொரு முறை எதற்கு விலை? எனக்குப் பல காலமாக இருக்கும் ஆதங்கம் இது. ஆனால் ஆதங்கம் கொள்கையாகிவிடாது. உலக நாடுகள் இதே கேள்விக்கு வெவ்வேறு பதில்களை நடைமுறைப்படுத்திப் பார்த்திருக்கின்றன. இந்தியா எந்த வழியை எடுக்கலாம் என்று அவற்றை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

நம் துறை எல்லாவற்றையும் பூட்டி வைத்திருக்கிறது என்று சொல்வது நியாயமல்ல. 1901 முதலான இந்திய மழையை 0.25 பாகைக் கட்டங்களாகப் பிரித்த தினசரித் தரவை புணே அலுவலகத்தின் தளத்தில் யாரும் பதிவிறக்கலாம். இன்சாட் செயற்கைக்கோள்களின் தரவை இஸ்ரோவின் மோஸ்டாக் தளம், பெயரைப் பதிவு செய்தால் தருகிறது. சென்னை, காரைக்கால் ரேடார்களின் படங்களை மழைக்காலத்தில் வீட்டிலிருந்தே பார்க்கிறோம். அடிப்படையான இரண்டு இடங்களில்தான் கதவு பாதி மூடியிருக்கிறது. ஒன்று, நிலையவாரியான பதிவுகள். மற்றொன்று, ரேடாரின் மூல எண்கள். படத்தைப் பார்க்கலாம், ஆனால் அதன் பின்னால் இருக்கும் எண்களை எடுத்து ஒரு தெருவுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று கணக்கிட முடியாது. பார்க்கக் கிடைப்பதையே திறந்த தரவு என்று நினைத்துக்கொள்வதால்தான் இந்த விவாதம் நம் ஊரில் எழுவதே இல்லை.

விற்று வருமானம் காணும் வழி

1990களில் ஐரோப்பாவின் பெரும்பாலான வானிலைத் துறைகள் இந்த வழியில் நடந்தன. பிரிட்டனின் வானிலை அலுவலகம் 1996இல் தன் வருவாயைத் தானே ஈட்டும் அரசு நிதியமாக மாற்றப்பட்டது. அவர்கள் சொன்ன காரணம் எளிதில் தள்ளிவிடக்கூடியதல்ல. விமான நிறுவனமும், எண்ணெய் நிறுவனமும், காப்பீட்டு நிறுவனமும் வானிலைத் தரவால் லாபம் பார்க்கின்றன. அதில் ஒரு பங்கைத் தரவைத் திரட்டியவருக்குக் கொடுத்தால் சாதாரண வரி செலுத்துபவரின் சுமை குறையும் என்றார்கள்.

இந்த எண்ணம் நாடுகளுக்கிடையிலும் சண்டையைக் கிளப்பியது. ஒரு நாட்டின் காற்றழுத்த அளவு பக்கத்து நாட்டின் முன்னறிவிப்புக்குத் தேவை. அதனால் நூறாண்டுகளுக்கும் மேலாக நாடுகள் அளவுகளை இலவசமாகவே பரிமாறிக்கொண்டிருந்தன. தாங்கள் கொடுக்கும் தரவை அமெரிக்கத் தனியார் நிறுவனங்கள் எடுத்துத் தங்கள் சந்தையிலேயே விற்றுவிடுமோ என்ற அச்சம் ஐரோப்பியத் துறைகளைப் பற்றிக்கொண்டது. 1995இல் உலக வானிலை அமைப்பு தன் 40ஆவது தீர்மானத்தில் ஒரு சமரசம் கண்டது. இன்றியமையாத தரவைத் தடையின்றிக் கொடுக்க வேண்டும், கூடுதல் தரவுக்கு நிபந்தனை விதித்துக்கொள்ளலாம் என்பதே அது.

விலை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் அறிந்த தெளிவான சான்று வானிலைக்கு அடுத்த வீட்டிலிருந்து வருகிறது. பூமியைப் படமெடுக்கும் அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்களை 1980களில் தனியார் வணிகத்துக்கு விட்டபோது ஒரு படத்தின் விலை 4,000 டாலரைத் தாண்டியது. பிறகு அரசே திரும்ப எடுத்துக்கொண்டு 600 டாலருக்கு விற்றது. விற்பனை உச்சத்தில் இருந்த ஆண்டிலும் சுமார் 25,000 படங்கள்தான் போயின. 2008இல் விலையை முழுவதும் நீக்கினார்கள். பதிவிறக்கங்கள் சில ஆண்டுகளிலேயே லட்சக்கணக்கில் ஏறின. காடழிப்பைக் கணக்கிடுபவர்களும், நீர்ப்பாசனத்தை அளப்பவர்களும், மாணவர்களும் அதற்கு முன் இல்லாமல் இல்லை. விலைச்சீட்டைப் பார்த்துத் திரும்பிப் போனவர்கள் யாருடைய கணக்கிலும் வரவில்லை, அவ்வளவுதான். விற்பனை வருமானம் தாளில் தெரிகிறது. வாங்காமல் போனவரால் நின்றுபோன வேலை எந்தத் தாளிலும் தெரிவதில்லை. இந்த வழியின் ஆழமான குறை இதுதான்.

ஐரோப்பாவே இப்போது இந்த வழியிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கிறது. ஜெர்மனி 2017இல் சட்டத்தைத் திருத்தித் தன் வானிலைத் தரவைத் திறந்தது. பிரான்ஸ் 2024 ஜனவரியில் திறந்தது. வானிலைத் தரவை உயர்மதிப்புத் தரவுகளில் ஒன்றாக அறிவித்து இலவசமாகத் தரச் சொல்லும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. உலகின் தலைசிறந்த முன்னறிவிப்புகளை வெளியிடும், பிரிட்டனின் ரெடிங் நகரில் தலைமையகம் கொண்ட ஐரோப்பிய நடுத்தர கால முன்னறிவிப்பு மையம், 2025 அக்டோபர் முதல் தன் நிகழ்நேரத் தரவுகள் அனைத்தையும் திறந்த உரிமத்தின் கீழ் கொண்டுவந்துவிட்டது. இருபது முப்பது ஆண்டுகள் விற்றுப் பார்த்தவர்களே கடையை மூடும்போது, புதிதாகக் கடை போடும் எவரும் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

முழுதும் திறந்துவிடும் வழி

அமெரிக்காவில் மத்திய அரசின் படைப்புகளுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று அவர்களது பதிப்புரிமைச் சட்டமே சொல்கிறது. தேசிய வானிலைச் சேவையின் அளவுகள், வானிலையைக் கணினியில் கணக்கிட்டு முன்னறிவிக்கும் மாதிரிகள், ரேடார் எண்கள் எல்லாம் பொதுச்சொத்து. சுமார் 160 ரேடார்கள் கொண்ட நெக்ஸ்ராட் வலையமைப்பின் பல ஆண்டு மூலத் தரவை 2015இல் கிளவுட் சர்வர்களில் ஏற்றினார்கள். உலகில் எங்கிருந்தும் யாரும் எடுக்கலாம். கையெழுத்து தேவையில்லை, காரணம் கேட்பாரும் இல்லை. தமிழ்நாட்டில் புயல் நாட்களில் வானிலை ஆர்வலர்கள் எடுத்துப் போடும், ஜிஎஃப்எஸ் என்ற அமெரிக்க உலக முன்னறிவிப்பு மாதிரியின் வரைபடங்கள் இந்தத் திறந்த கதவு வழியாக வருபவைதான்.

அந்தக் கதவை மூட அங்கேயும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. 1983இல் ரீகன் அரசு வானிலைச் செயற்கைக்கோள்களைத் தனியாருக்கு விற்க முன்வந்தது. நாடாளுமன்றம் தடுத்துவிட்டது. 2005இல் பென்சில்வேனியா செனட்டர் ரிக் சான்டோரம் ஒரு மசோதா கொண்டுவந்தார். தனியார் வழங்கக்கூடிய சேவைகளைத் தேசிய வானிலைச் சேவை நேரடியாக மக்களுக்கு வழங்கக் கூடாது என்பது அதன் சாரம். அக்யுவெதர் என்ற தனியார் வானிலை நிறுவனம் அதே மாநிலத்தில் இயங்குவது. மசோதா நிறைவேறவில்லை. ஆனால் அது ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. அரசு தரவைத் தரக் கூடாது என்று அதில் இல்லை. நிறுவனங்களுக்குத் தரவு தாராளமாகக் கிடைக்கலாம், மக்களிடம் மட்டும் அரசு நேராகப் பேசக் கூடாது என்பதே அதன் உள்ளம்.

இந்த வழியின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. விலை இல்லாத தரவுக்கு ஒரே ஒரு புரவலர்தான், அரசின் பட்ஜெட். 2025இல் அமெரிக்க வானிலைத் துறையில் ஆள்குறைப்பு நடந்தபோது சில நிலையங்களில் காற்று மண்டலத்தை அளக்கும் பலூன்கள் பறக்கவிடப்படுவது நின்றது. நூறு கோடி டாலருக்கு மேல் சேதம் விளைவித்த பேரிடர்களின் தரவுத்தொகுப்பை இனிப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்தார்கள். எடுப்பதற்குத் தடை இல்லை, ஆனால் எடுக்க அளவு இருக்க வேண்டுமே. திறந்த தரவு வேண்டும் என்று கேட்பவர்கள் மழைமானிக்கும் ரேடாருக்கும் நிதி ஒதுக்கச் சொல்லியும் அதே குரலில் கேட்க வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்றால் பயனில்லை.

ஜப்பானின் இடைவழி

ஜப்பானைப் பற்றி நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. எனக்கு அதில்தான் பாடம் அதிகம் தெரிகிறது. 1993இல் அவர்கள் வானிலைச் சேவைச் சட்டத்தைத் திருத்தினார்கள். வானிலை முகமையின் தரவைத் தனியாரும் பொதுமக்களும் பெற 1994இல் ஓர் ஆதரவு மையம் ஏற்பட்டது. அதில் தரவுக்கு விலை இல்லை. கொண்டுவந்து சேர்க்கும் செலவு மட்டும் வாங்கப்படுகிறது. அதே ஆண்டு வானிலை முன்னறிவிப்பாளருக்கான தேசியத் தேர்வும் தொடங்கியது. முன்னறிவிப்பைத் தொழிலாக நடத்தும் நிறுவனம் அனுமதி பெற்று, தேர்ச்சி பெற்றவர்களை வைத்திருக்க வேண்டும். புயல், வெள்ள எச்சரிக்கை வெளியிடும் அதிகாரம் அரசு முகமைக்கு மட்டும்தான்.

அதாவது தரவு, முன்னறிவிப்பு, எச்சரிக்கை மூன்றையும் அவர்கள் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி வைத்தார்கள். நம் நாட்டில் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் மூன்றும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. தரவைத் திறக்கலாம் என்று ஒருவர் சொன்னால், ஆளாளுக்குப் புயல் அறிவிப்பார்களே என்று இன்னொருவர் பதில் சொல்கிறார். இரண்டும் வேறு வேறு கேள்விகள் என்பது ஜப்பானைப் பார்த்தால் புரிந்துவிடும்.

இந்த ஏற்பாட்டிலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. உரிமம் என்ற பாதியை அப்படியே இந்தியாவுக்குப் பெயர்த்து வந்தால், மாவட்டத் தலைநகரில் உட்கார்ந்து ஆர்வத்தால் மழையைக் கணிக்கும் ஓர் ஆசிரியரை அது முதலில் வாயடைக்கும். பெரிய நிறுவனத்துக்கு உரிமம் ஒரு கோப்பு. தனிமனிதருக்கு அது ஒரு சுவர். 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு தமிழில் எளிய சொற்களில் மழையை விளக்கி மக்களின் நம்பிக்கையைப் பெற்றவர்கள் பெரும்பாலும் அப்படிப்பட்ட தனிமனிதர்கள். எச்சரிக்கை அரசின் குரலில் மட்டும் வரட்டும். கணிப்பைப் பகிர்வதற்குத் தேர்வு எழுதச் சொல்ல வேண்டாம்.

ஜெர்மனியில் நடந்ததையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். தரவைத் திறந்த அதே நாட்டில், அரசு வானிலைத் துறை வெளியிட்ட இலவசச் செயலிக்கு எதிராக ஒரு தனியார் வானிலை நிறுவனம் வழக்குப் போட்டது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. எச்சரிக்கைகளை இலவசமாகத் தரலாம், விளம்பரமில்லாத பொது முன்னறிவிப்பை இலவசமாகத் தரக் கூடாது என்றது. முழுச் செயலி வேண்டுமென்றால் மக்கள் சிறு தொகை கட்ட வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் 2005இல் தோற்ற வாதம் ஜெர்மனியில் நீதிமன்றம் வழியாக வென்றது. தரவைத் திறக்கும் சட்டம் எழுதும்போதே, அரசும் அதே தரவை வைத்து மக்களுக்கு நேரடியாக, இலவசமாக முன்னறிவிப்பு தரலாம் என்று ஒரு வரி சேர்த்துவிட வேண்டும். இல்லையென்றால் பின்னால் அந்த வரிக்காக வழக்காட நேரும்.

நாம் பெற்றதும் கொடுக்க வேண்டியதும்

நம் தரவை வெளிநாட்டு நிறுவனங்கள் இலவசமாக எடுத்து நமக்கே விற்றுவிடும் என்பது டெல்லியில் அடிக்கடி கேட்கும் எதிர்வாதம். எடுப்பார்கள், விற்கவும் செய்வார்கள், உண்மைதான். ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். இந்திய வானிலைத் துறை இயக்கும் உலக முன்னறிவிப்பு மாதிரியின் அடிப்படை அமெரிக்க ஜிஎஃப்எஸ். நொய்டாவில் உள்ள தேசிய நடுத்தர கால முன்னறிவிப்பு மையத்தின் மாதிரிக்குப் பிரிட்டனின் மாதிரி அடிப்படை. வங்காள விரிகுடாவில் உருவாகும் ஒவ்வொரு தாழ்வுப் பகுதியையும் நம் வல்லுநர்கள் பல நாடுகளின் மாதிரிகளை ஒப்பிட்டே கணிக்கிறார்கள். கொள்வதில் தாராளமும் கொடுப்பதில் கஞ்சத்தனமும் நீண்ட நாள் ஒத்துப்போகாது. 2021இல் உலக வானிலை அமைப்பு பழைய தீர்மானத்தை மாற்றி, முதன்மைத் தரவை எல்லா நாடுகளும் தடையின்றிப் பகிர வேண்டும் என்ற புதிய கொள்கையை ஏற்றிருக்கிறது.

வரலாறும் இதைத்தான் சொல்கிறது. 1864இல் கல்கத்தாவைச் சூறையாடிய புயலும், அதைத் தொடர்ந்த பஞ்சங்களும் 1875இல் இந்திய வானிலைத் துறை பிறக்கக் காரணமாயின. 1904இல் அதன் தலைவரான கில்பர்ட் வாக்கர், பருவமழை எப்போது பொய்க்கும் என்று கண்டுபிடிக்க உலகின் பல மூலைகளிலிருந்து வந்த காற்றழுத்த, மழைப் பதிவுகளை இந்திய எழுத்தர்களைக் கொண்டு ஒப்பிட்டார். அந்தக் கணக்கிலிருந்து எழுந்ததுதான் தென் அலைவு என்ற கண்டுபிடிப்பு, அதாவது பசிபிக், இந்தியப் பெருங்கடல்களுக்கிடையே காற்றழுத்தம் ஊசல்போல் ஏறி இறங்குவது. இன்று எல் நினோ என்று செய்தியில் படிக்கும்போதெல்லாம் அதன் மறுபாதியாக நிற்பது அதுவே. இந்தியப் பதிவுகளை மட்டும் வைத்துக்கொண்டு அதைக் கண்டிருக்க முடியாது.

2025 குறுவைப் பருவத்தை ஒட்டிய காலத்தில் நடந்தது இன்னும் அருகிலுள்ள சான்று. பருவமழை எப்போது தொடங்கும் என்ற செயற்கை நுண்ணறிவு முன்னறிவிப்பை மத்திய வேளாண் அமைச்சகம் 13 மாநிலங்களில் சுமார் 3.8 கோடி விவசாயிகளின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பியது. அதில் மூன்று பொருள்கள் கலந்திருந்தன. கூகுளின் நியூரல்ஜிசிஎம் மாதிரி, ஐரோப்பிய மையத்தின் ஏஐஎஃப்எஸ் மாதிரி, நம் வானிலைத் துறையின் 125 ஆண்டு மழைப் பதிவுகள். அந்த இரண்டு மாதிரிகளும் கற்றுக்கொண்டது ஈரா5 என்ற ஐரோப்பியத் தரவுத்தொகுப்பிலிருந்து. 1940 முதலான உலக வானிலையை மணிவாரியாக மீளமைத்து, யாருக்கும் இலவசமாகத் தரப்படுவது அது. சீனாவின் ஹுவாவே உருவாக்கிய 'பான்கு வெதர்' மாதிரியும், கூகுள் டீப்மைண்டின் கிராஃப்காஸ்ட் மாதிரியும் அதையே படித்து வளர்ந்தன. ஈரா5க்கு ஒரு விலைச்சீட்டு ஒட்டியிருந்தால் இவற்றில் எத்தனை பிறந்திருக்கும்? நம் மழைப் பதிவுகள் நிலையவாரியாகவே திறந்திருந்தால், மாதிரிகளைத் தஞ்சாவூருக்கும் தர்மபுரிக்கும் தனித்தனியாகச் சோதித்துப் பார்க்க நம் கல்லூரி மாணவர்களாலேயே முடியும்.

பாதுகாப்பு, வதந்தி என்ற இரண்டு அச்சங்களும் உண்டு. எல்லையோர ரேடார்கள் சிலவற்றின் தரவை நிறுத்திவைப்பது நியாயமே. அதற்காகக் கடலூரின் பழைய மழைப் பதிவைப் பூட்டத் தேவையில்லை. வதந்தியைப் பரப்புகிறவருக்குத் தரவு தேவைப்படுவதில்லை, ஒரு கைபேசி போதும். அதை மறுக்க நினைக்கிறவருக்குத்தான் தரவு தேவை.

எதைத் தேர்ந்தெடுப்பது?

விற்கும் வழியை நான் தள்ளிவிடுகிறேன். அதைக் கைக்கொண்டவர்களே விட்டுவிட்டார்கள். முழுத் திறப்பே அடித்தளமாக இருக்க வேண்டும், ஆனால் அமெரிக்காவைப் போல ஆண்டு நிதியில் தொங்காமல், ஐரோப்பாவைப் போலத் தரவைத் தரச் சொல்லும் சட்டத்தின் பலத்தோடு. நம்மிடம் 2012ஆம் ஆண்டின் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை இருக்கிறது. ஆனால் கொள்கையைக் காட்டி ஒரு குடிமகனால் நீதிமன்றத்தில் தரவைக் கேட்டு வாங்க முடியாது. ஜப்பானிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். எச்சரிக்கை ஒரே குரலில் வர வேண்டும் என்பது அது. செலவுக் கேள்விக்கு ஐரோப்பிய மையத்தின் இப்போதைய ஏற்பாடு பொருந்தும். தரவுக்கு விலை இல்லை. நொடி தவறாமல் என் சர்வருக்கு வந்தாக வேண்டும், இடையில் நின்றால் நீங்களே பொறுப்பு என்று கேட்கும் நிறுவனம் அந்தச் சேவைக்கு மட்டும் பணம் கட்டட்டும்.

இதற்கு டெல்லியின் முடிவுக்காகவே காத்திருக்க வேண்டியதில்லை. தெலங்கானா ஆயிரத்துக்கும் மேற்பட்ட தானியங்கி வானிலை நிலையங்களை நிறுவி, மண்டல் எனப்படும் வட்டாரங்கள்வாரியான அளவுகளை மாநிலத் திறந்த தரவுத் தளத்தில் கோப்புகளாகவே வெளியிடுகிறது. கர்நாடகம் கிராம ஊராட்சிதோறும் தொலைப்பதிவு மழைமானிகளை வைத்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் 1,400 தானியங்கி மழைமானிகள், 100 தானியங்கி வானிலை நிலையங்கள் என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. அந்த மழைமானிகளின் அளவு வெறும் வரைபடப் புள்ளியாக மட்டும் நிற்காமல், தேதி, நேரம், மில்லிமீட்டர் என்று பதிவிறக்கக்கூடிய கோப்பாக வெளிவர வேண்டும். ஒரு மாநில அரசாணையே இதற்குப் போதும்.

முதலில் எதைத் திறப்பது என்று கேட்டால் என் பதில் பயிர்க் காப்பீடு. வானிலையை அடிப்படையாகக் கொண்ட காப்பீட்டுத் திட்டத்தில், குறிப்பிட்ட நிலையத்தில் குறிப்பிட்ட நாட்களில் இத்தனை மில்லிமீட்டருக்குக் குறைவாகவோ கூடுதலாகவோ பெய்தால்தான் இழப்பீடு. வயல் காய்ந்ததா, மூழ்கியதா என்று யாரும் வந்து பார்ப்பதில்லை. எண்தான் தீர்ப்பு. அரசு 2023இல் தொடங்கிய விண்ட்ஸ் திட்டம் வட்டாரந்தோறும் வானிலை நிலையமும் ஊராட்சிதோறும் மழைமானியும் வைக்க நினைப்பது இதற்காகத்தான். தன் பணத்தைத் தீர்மானிக்கும் மழைமானி எங்கே இருக்கிறது, நேற்று அது என்ன காட்டியது, பழுதாகி எத்தனை நாள் ஆயிற்று என்பதை விவசாயி தன் கைபேசியில் அன்றன்றே பார்க்க முடிய வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும் அதே கோப்பு, அதே நேரத்தில், அவருக்கும் போக வேண்டும்.